வொய் வேண்டாம், பிகாஸ் போதும்

ஜூன் 3, செவ்வாய்

இன்றிலிருந்து தினமும் டைரி எழுத வேண்டுமாம், அதுவும் இங்கிலீஷில். அப்போதுதான் நாக்கு வளையுமாம். இது தர்ஷிணியின் உத்தரவு. தர்ஷிணி என் ஸ்பீக்கிங் ட்ரெய்னர், என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். கோபிச்செட்டிபாளையத்தில் அவள் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, திண்டுக்கல்லில் இருக்கும் என்னைப் போனில் ஆட்டி வைக்கிறாள்.

இங்கிலீஷில் நாலு வரி எழுதிப் பார்த்தேன். எழுந்தேன், பல் தேய்த்தேன், காபி குடித்தேன் என்று எல்கேஜி பிள்ளை எழுதியது மாதிரி வந்தது. கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழிலேயே எழுதுகிறேன். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி எனக்கு நர்ஸ் வேலை கொடுக்கத் தயாராக இருக்கிறது. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் இங்கிலீஷ் பரீட்சையில், பேசிக் காட்டுகிற ஸ்பீக்கிங்கில், ஒன்பதுக்கு ஏழு மதிப்பெண் காட்ட வேண்டும். இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் ஆறு. மூன்றாவது தடவை ஜூலை 12, மதுரையில். இதிலும் ஆறு என்றால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும். பழைய ஆஸ்பத்திரிக்கு நான் திரும்பப் போக மாட்டேன்.

மத்தியானம் கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 5, வியாழன்

முதல் வகுப்பு. முதல் கேள்வியே, "முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?" எல்லா இன்டர்வியூவிலும் இதைத்தான் முதலில் கேட்பார்களாம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "வொய் பிகாஸ்..." என்று ஆரம்பித்தேன். குடும்பச் சூழ்நிலை, வீட்டில் ஆள் இல்லை என்று மூன்று நிமிடம் பேசினேன். அந்தப் பக்கம் சிரிப்பு.

"ஏனுங்க்கா, மூணு நிமிஷத்துல ஏழு தடவை 'வொய் பிகாஸ்' சொல்லிட்டீங்க. இங்கிலீஷ்ல அப்படி ஒண்ணு கெடையாதுங்க்கா. வொய் கேக்கறது அவங்க வேலை. பிகாஸ் சொல்றது மட்டுந்தான் உங்க வேலை."

"எங்க வார்டுல எல்லாரும் அப்படித்தான் பேசுவோம்."

"அதனாலதான் எல்லாரும் ஆறுலயே நிக்கறாங்க. வொய் வேண்டாம், பிகாஸ் போதும். சரிங்களா?"

வாய் பார், வாய். ஆனால் யோசித்தால் அவள் சொல்வது சரிதான். நாம் 'ஏனென்றால்' என்கிறோம். ஏன் என்று நாமே கேட்டுக்கொண்டு, நாமே பதிலும் சொல்லிக்கொள்கிறோம். அதைத்தான் அப்படியே தூக்கி இங்கிலீஷில் வைத்திருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் சவரிமுத்து அரசு பஸ் கண்டக்டர். டூட்டி முடிந்து வந்ததும் அவரிடம் சொன்னேன்.

"அப்ப இங்கிலீஷ்காரன் ஏன்னு கேக்காமயே பதில் சொல்லுவானாக்கும்? கெட்டிக்காரப் பயலுகதான்," என்றார். பிறகு சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஆமா ஜெசி, நீ எதுக்குத்தான் அந்த ஆஸ்பத்திரிய விட்ட? என்கிட்ட வேலை ஜாஸ்தின்ன, அந்தப் பிள்ளைகிட்ட வீட்டுல ஆள் இல்லைங்குற" என்று கேட்டார். குழம்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது, எழுந்து போய்விட்டேன்.

தர்ஷிணி 'ஏனுங்க்கா' என்னும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அவர்கள் பக்கத்தில் அப்படித்தான் ஆளைக் கூப்பிடுவார்களாம். அது கேள்வி இல்லையாம்.

ஜூன் 9, திங்கள்

ஐந்து கேள்விக்குப் பதில் பேசிப் போனில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். 'வொய்' நாக்கு நுனிவரை வந்தது. கடித்து விழுங்கிவிட்டுப் 'பிகாஸ்' சொன்னேன். கேட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு பிகாஸுக்கும் முன்னால் கண் இமைக்கிற நேரத்துக்கு ஒரு இடைவெளி இருந்தது.

மூன்றாவது பதிலில், அந்த இடைவெளியில், யாரோ 'ஏன்' என்றார்கள்.

பக்கத்து வீட்டு டிவி. அங்கே காலையிலேயே சீரியல் ஓட ஆரம்பித்துவிடும்.

ஜூன் 10, செவ்வாய்

பிகாஸையே பிடித்துத் தொங்கக் கூடாதாம். காரணம் சொல்ல இங்கிலீஷில் பல வழி உண்டு, மாற்றி மாற்றிச் சொன்னால்தான் ஏழு. சின்ஸ், ஆஸ், டியூ டு, ஓயிங் டு, தேங்க்ஸ் டு. நல்லது நடந்தால் தேங்க்ஸ் டு. ஓயிங் டு கொஞ்சம் கோட்டு சூட்டு போட்ட வார்த்தை, கடிதத்துக்கு நன்றாக இருக்கும். சின்ஸும் ஆஸும் பிறகு பார்க்கலாம் என்றாள்.

"டியூ டு ரொம்ப ஈசிங்க்கா. பின்னால நான், நீ, அவன்னு ஆளே தேவையில்ல. ஒரு பேரு போதும். ட்ராஃபிக், ஃபீவர், மழை. அவ்ளோதான்."

இந்த டியூ டு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சமைக்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேலையை விட்டது டியூ டு வேலைப்பளு. இருபத்திரண்டு பெட்டுக்கு ஒரே நர்ஸ், டியூ டு ஆள் பற்றாக்குறை. சொல்லச் சொல்ல மனசு லேசானது. வெகு நாளைக்குப் பிறகு மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினேன்.

ஜூன் 14, சனி

கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பதிவு செய்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பழனிக்குப் போயிருக்கிறார்கள், வாசலில் பூட்டு தொங்குகிறது.

ஐந்து பதிலிலும் அந்தக் குரல் இருக்கிறது. இப்போது ஒரு வார்த்தை கூடியிருக்கிறது. "ஏன் சிஸ்டர்?"

போன் பழசு, அதனால் இருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

ஐந்தையும் அழித்தேன். இட்லிக்கு ஊறப்போட்டேன்.

ஜூன் 18, புதன்

புதிதாகப் பேசி அனுப்பினேன், இந்தத் தடவை சவரியின் போனில். தர்ஷிணி உடனே கூப்பிட்டாள்.

"ஏனுங்க்கா, பக்கத்துல யாரு?"

"யாருமில்லையே."

"ஒரு பொண்ணு குரல் கேக்குதுங்க. சின்னப் பொண்ணாட்டம். நீங்க பிகாஸ் சொல்றதுக்கு முன்னால எடுத்துக் குடுக்குது. பரீட்சைல அப்படி யாரும் எடுத்துக் குடுக்க மாட்டாங்க, பாத்துக்கங்க."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். நெட்வொர்க்கில் வேறு யாருடைய பேச்சோ கலந்திருக்கும் என்று சொன்னேன். "டியூ டு நெட்வொர்க் ப்ராப்ளம், வெரி குட்," என்று சிரித்தாள்.

ஜூன் 19, வியாழன்

தெரியாத நம்பரிலிருந்து மூன்று தடவை அழைப்பு. எடுக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அதே நம்பர். எடுத்துத் தொலைத்தேன்.

"சிஸ்டர், நான் பாண்டீஸ்வரன். நத்தம். கோகிலா வீட்டுக்காரன். ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டிருந்தேன்ல, இப்பத்தான் பதில் வந்துருக்கு. முழுசும் இங்கிலீஷு. எங்க தெருவுல யாருக்கும் வௌங்கல. அன்னைக்கு அத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் என்கூட நின்னு அழுதீங்க. அதான் உங்ககிட்டயே கேப்போம்னு."

அடுப்பில் பால் இருக்கிறது, பிறகு பேசுகிறேன் என்றேன். அடுப்பில் பால் இல்லை.

எதற்கும் எழுதி வைக்கிறேன். போன வருஷம் ஆகஸ்டில் எங்கள் வார்டில் ஆறாம் பெட்டில் கோகிலா என்று ஒரு பேஷன்ட். வயது இருபத்து மூன்று. ஆபரேஷனில் ஆண் குழந்தை. மறுநாள் பகல் மூன்றே காலுக்கு இறந்துபோனாள், டியூ டு இரத்தப் போக்கு. பிரசவ வார்டில் இப்படி நடக்கும். யாராலும் தடுக்க முடியாது.

ஜூன் 24, செவ்வாய்

இன்று 'சின்ஸ்'. வேலையில் நடந்த ஒரு கஷ்டமான சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றாள். 'சின்ஸ்' போட்டு ஆரம்பித்து, வாயில் வந்ததைச் சொன்னேன்: ஆறாம் பெட்டின் அழைப்பு மணி வேலை செய்யவில்லை, அதனால் அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

"கிராமர் கரெக்ட்டுங்க்கா. ஆனா சின்ஸ் எப்பப் போடறது தெரியுமா? அந்தக் காரணம் கேக்கறவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா. 'உனக்குத்தான் தெரியுமே'ங்கற மாதிரி. எனக்கு அந்த மணியப் பத்தித் தெரியாதே. யாருக்குத் தெரியும்னு நெனச்சு சொன்னீங்க?"

தெரியாமல் போட்டுவிட்டேன் என்றேன்.

பதிவைத் திரும்பக் கேட்டேன். சின்ஸுக்கு முன்னால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. "ம்" என்று மட்டும் ஒரு சத்தம். கதை கேட்கிறவர்கள் போடுகிற 'ம்'.

ஜூன் 27, வெள்ளி

பாண்டீஸ்வரன் கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். கூடவே குரல் செய்தி.

"சிஸ்டர், போன்ல போட்டுத் தமிழாக்கிப் பாத்தேன். 'காரணமாக, காரணமாக'ன்னு தான் வருது. யாருன்னு வரவே மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. மகன் இப்ப எந்திரிச்சு நிக்கிறான் சிஸ்டர்."

படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். மரணம் டியூ டு இரத்தப் போக்கு. தாமதம் ஓயிங் டு தொழில்நுட்பக் கோளாறு. ஊழியர்கள் உடனடியாகக் கவனித்தார்கள். ஒரு இலக்கணப் பிழை கிடையாது. தர்ஷிணியிடம் காட்டினால் ஒன்பது போடுவாள். ஒரு பக்கக் கடிதத்தில் ஒரு மனுஷர் இல்லை.

பாதி வாக்கியங்கள் என்னுடையவை. அன்று சாயங்காலம் சூப்பரின்டென்டன்ட் கேட்டு நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டில் இருந்தவை. அதில் 'டியூ டு தி பெல்' என்று எழுதியிருந்தேன். தொழில்நுட்பக் கோளாறு என்று நாகரிகமாக மாற்றியிருக்கிறார்கள்.

பதில் அனுப்பவில்லை. இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, படித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். எழுதவே பயமாக இருக்கிறது.

காலையில் பேசும்போது மறந்துபோய்ப் பழையபடி 'வொய் பிகாஸ்' என்று சொல்லிவிட்டேன். கேட்டுப் பார்த்தால் பதிவு துல்லியமாக இருக்கிறது. குரல் இல்லை. திரும்பவும் வேண்டுமென்றே 'வொய்' சேர்த்து நாலு பதில். நாலும் சுத்தம். 'வொய்'யை எடுத்துவிட்டு நாலு. நாலிலும், "ஏன் சிஸ்டர்?"

நானே கேட்டுக்கொண்டால் அவள் கேட்பதில்லை. நான் கேட்காமல் விட்டால் அவள் கேட்கிறாள்.

'அவள்' என்று எழுதிவிட்டேன். அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

தர்ஷிணியிடம், இரண்டு மூன்று இடத்தில் 'வொய் பிகாஸ்' வந்தால் பரவாயில்லையா என்று கேட்டேன்.

"ஏழு வேணுமா, ஆறு போதுமாங்க்கா?" என்றாள்.

ஜூலை 2, புதன்

ஏழுதான் வேண்டும்.

ஜூலை 5, சனி

'ஆஸ்'. தர்ஷிணி அதே சம்பவத்தை இன்னும் விரிவாகச் சொல்லச் சொன்னாள். நல்ல சம்பவமாம், பரீட்சையில் எதற்கு வேண்டுமானாலும் பொருத்தலாமாம். சொல்லிக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில், "ஆஸ் ஷி வாஸ் காலிங், ஐ க்ளோஸ்ட் த டோர்" என்றேன்.

"நிறுத்துங்க்கா. இது நல்ல எக்ஸாம்பிள். இதுல ரெண்டு அர்த்தம் வருது பாருங்க. அந்தப் பொண்ணு கூப்பிட்டுட்டு இருக்கும்போது கதவ மூடுனீங்களா? இல்ல, கூப்பிட்டதால மூடுனீங்களா?"

நோட்டில் 'ஆஸ்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

"ஆஸ் போட்டா ரெண்டும் ஒண்ணாத் தெரியும். கேக்கறவங்களுக்குக் குழப்பம். எதுன்னு தெளிவாச் சொல்லோணும். எதுங்க்கா?"

சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று வைத்துவிட்டேன். அறுபத்தெட்டு சதவீதம் இருந்தது.

மாவு அரைத்தேன். சவரிக்கு இரண்டு யூனிஃபார்ம் தேய்த்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போனேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, கூட்டம் அதிகம்.

என்னோடு சேர்த்து நாலு பேர்.

ஜூலை 9, புதன்

பாண்டீஸ்வரனை நானே கூப்பிட்டேன். பரீட்சைக்கு முன்னால் இந்தத் தலைவலியை முடித்துவிட வேண்டும் என்று.

"இரத்தம் நிக்கலைன்னு போட்டிருக்கு சார். டாக்டருங்க எல்லாம் பாத்தாங்க, முடியலைன்னு போட்டிருக்கு."

"எதுனால நிக்கல சிஸ்டர்?"

"அது சில பேருக்கு அப்படி ஆகும்."

"சரிதான். அப்ப ஏதோ லேட்டுன்னு வருதே, அது ஏன் லேட்டு?"

"மெஷின் கோளாறுன்னு போட்டிருக்கு."

"என்ன மெஷினு?"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. உங்களுக்கு இருக்கிற வேலையை விட்டுவிட்டு ஏன் இதையே நோண்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "மன்னிச்சுக்கங்க சிஸ்டர், உங்களையும் படுத்துறேன்," என்றார். பின்னால் குழந்தை தட்டையோ எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

ஜூலை 12, சனி

மதுரை. ஒரு ஓட்டலில் சின்ன அறை. கஞ்சி போட்ட காட்டன் புடவையில் ஒரு பெண்மணி, மேசையில் ரெக்கார்டர், ஒரு டிஜிட்டல் கடிகாரம். முகத்தில் ஒரு சலனம் கிடையாது. எங்கள் தர்ஷிணி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள், அவர்கள் சிரிக்கவும் மாட்டார்கள், முறைக்கவும் மாட்டார்கள் என்று.

கேள்வி அட்டையை நீட்டினார். 'யாராவது உங்களிடம் உதவி கேட்ட ஒரு தருணத்தை விவரியுங்கள். யார், எப்போது, நீங்கள் என்ன செய்தீர்கள், ஏன்.' யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம்.

என் தம்பிக்கு அட்மிஷன் வாங்கிக் கொடுத்த கதையைத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். யார், எப்போது எல்லாம் தம்பி கதைதான். 'ஏன்' வந்த இடத்தில் 'வொய்'யை விழுங்கினேன். அந்த இடைவெளியில், போனில் இல்லை, பதிவில் இல்லை, என் இடது காதுக்குப் பக்கத்தில், களைத்துப்போன குரலில், "ஏன் சிஸ்டர்?"

நான் சொல்லிவிட்டேன்.

பிகாஸ் நான் மணியை அணைத்தேன். அவள் காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர், தலையணை, குழந்தை அழுகிறது, வீட்டுக்காரர் எங்கே. நர்ஸ் ஸ்டேஷன் பலகையில் ஆறாம் பெட்டுக்கான சுவிட்சை நான்தான் அணைத்தேன், பிகாஸ் எனக்குப் பசித்தது. பிறகு அவள் வாயால் கூப்பிட்டாள். சிஸ்டர், சிஸ்டர், ஏன் சிஸ்டர் வரமாட்டேங்கிறீங்க என்று. நான் டூட்டி ரூம் கதவை மூடினேன், பிகாஸ் அவள் கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது இல்லை. கூப்பிட்டதால். தயிர் சாதம் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவி வைத்துவிட்டுப் போனேன். மெத்தை முழுக்க நனைந்திருந்தது.

கடிகாரம் இரண்டு நிமிடத்தைத் தொட்டது.

"தேங்க்யூ," என்றார் அந்தப் பெண்மணி. அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த கேள்வி, நகரத்து மக்கள் கிராமத்து மக்களைவிடக் குறைவாக உதவுகிறார்கள் என்று நினைக்கிறீர்களா?

நினைக்கவில்லை என்றேன். காரணமும் சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

எப்படிப் பேசினீர்கள் என்று தர்ஷிணி நச்சரித்தாள். அப்படியே ஒப்பித்தேன். தம்பி கதை பாதியில் இந்தக் கதையாக மாறியதைச் சொன்னபோது அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்குள் ஏதோ ஒன்று, கேட்டுவிடு, நிஜமா என்று கேட்டுவிடு என்று கெஞ்சியது.

"சூப்பரா கதை கட்டிட்டீங்க்கா! எனக்கே புல்லரிச்சுப் போச்சு," என்றாள்.

சும்மா ஒரு பதிவு செய்து பார்த்தேன், 'வொய்' இல்லாமல். குரல் இல்லை. மறுபடி செய்தேன். இல்லை. போய்விட்டாள்.

ஜூலை 17, வியாழன்

ஏழரை!

சவரி பஸ்ஸிலேயே எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாராம். "இனிமே டிக்கெட்டு டப்ளின், டப்ளின்னு கூவிக்கிட்டே கிழிக்கப் போறேன்," என்றார். நானும் சிரித்தேன், சத்தியமாக மனசு விட்டுச் சிரித்தேன். ராத்திரிக்குப் பிரியாணி வாங்கி வந்தார்.

அந்தப் பெண்மணி என் வாக்குமூலத்தைக் கேட்டு ஏழரை போட்டிருக்கிறார். சாப்பிடும்போது இது தோன்றியது, அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 19, சனி

தர்ஷிணியின் செய்தி. "அக்கா, உங்க ஆன்சர மாடலா வெச்சு புது பேட்ச் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன். கோவிச்சுக்காதீங்க. பிகாஸ் எப்படி அழுத்தமாப் போடறதுன்னு அதுல அழகா இருக்கு." கூடவே வகுப்புக் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டாள், எல்லாரும் வாழ்த்துச் சொல்வதற்காக.

இருபத்தெட்டு பேர். எல்லாரும் நர்ஸுகள்.

ஜூலை 21, திங்கள்

காலை பத்து மணிக்குப் பதிவுகள் வர ஆரம்பித்தன. ஒன்றைத் திறந்தேன். கரூர்ப் பெண், மழலை மாதிரிக் குரல். "பிகாஸ் ஐ ஸ்விட்ச்ட் ஆஃப் த பெல்." அடுத்தது தேனி. பிகாஸ் நான் மணியை அணைத்தேன். அடுத்தது சேலம், அடுத்தது தூத்துக்குடி. பிகாஸ் எனக்குப் பசித்தது. பிகாஸ் அவள் கூப்பிட்டாள். உச்சரிப்பில் கவனமாக, ஏற்ற இறக்கத்தோடு, ஒருத்தி நடுவில் தடுமாறிச் சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

எல்லாரும் 'வொய்'யை விழுங்கப் பழகியவர்கள். எல்லாருக்கும் அந்தச் சின்ன இடைவெளி இருந்தது.

இருபத்தெட்டிலும் அவள் இருந்தாள். "ஏன் சிஸ்டர்?" கரூரில் கேட்டாள், தேனியில் கேட்டாள். சிரித்த பெண் மறுபடி ஆரம்பித்தபோது அங்கேயும் இன்னொரு தடவை கேட்டாள்.

மத்தியானம் தர்ஷிணி கூப்பிட்டாள். அக்கா என்றுகூடச் சொல்லவில்லை.

"எல்லாத்துலயும் அந்தக் குரல் வருதுங்க. உங்க பதிவுல முன்னாடி வந்துச்சே, அதே குரல். பிள்ளைங்க எல்லாம் பயந்து கெடக்குது. ஒரு பொண்ணு அழுகுது." அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. "அக்கா, அது கதைதானுங்களே?"

"இல்லைம்மா," என்றேன்.

அவள் மூக்கைச் சிந்தினாள். பிறகு, "யார்கிட்டச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். பரீட்சைக்காரியிடம் சொன்னேன். தர்ஷிணியிடம் சொன்னேன். இந்த இருபத்தெட்டு பேரும் சொல்லியாகிவிட்டது. கேட்ட ஒருவரிடம் மட்டும் சொல்லவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

சவரியிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அவர் டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கிண்டல் இல்லை, திட்டு இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"அயர்லாந்து?" என்றார் கடைசியில்.

"கோகிலா வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன்னா என் நர்சிங் ரெஜிஸ்ட்ரேஷன் போயிரும். அப்புறம் அயர்லாந்தும் இல்ல, திண்டுக்கல்லும் இல்ல."

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். "நத்தத்துக்கு எட்டரை வண்டில போனா கூட்டம் இருக்காது. நானும் வரவா?"

வேண்டாம் என்றேன்.

ஜூலை 23, புதன்

பாண்டீஸ்வரன் வீட்டு வாசலில் லோடு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "வாங்க சிஸ்டர், உள்ள வாங்க. அம்மா, சிஸ்டருக்கு காபி போடு," என்று உள்ளே பார்த்துக் கத்தினார். காபி வேண்டாம் என்றேன். கேட்கவில்லை, வந்தது.

கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மடிப்பு கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. குழந்தை சுவரைப் பிடித்து நின்றுகொண்டு என் குடையைப் பார்த்தது.

படித்துச் சொல்ல ஆரம்பித்தேன். டியூ டு வந்த இடம். அதைத் தமிழில் எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்திருந்தேன். காரணமாக, விளைவாக, பொருட்டு, நிமித்தம். எல்லாவற்றிலும் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது.

"நேரத்துக்கு யாரும் போய்ப் பாக்கலை. அதுனால இறந்துட்டாங்கன்னு எழுதியிருக்கணும்," என்றேன். "அப்படி எழுதலை."

அவர் என் முகத்தையே பார்த்தார். வெயிலில் நின்றதில் அவர் முகமெல்லாம் வியர்வை. கோபமாகக் கேட்கவில்லை. ஒரு வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனவராகக் கேட்டார்.

"ஏன் சிஸ்டர்?"

இந்தத் தடவை இடைவெளி விடவில்லை.

"ஏன்னா, நான் அவங்க பெல்லை அணைச்சு வெச்சேன். அவங்க கூப்பிட்டது கேட்டுச்சு. கேட்டும் கதவைச் சாத்திட்டுச் சாப்பிட்டேன்."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அவருடைய அம்மா வந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். பாண்டீஸ்வரன் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். ஹோஸில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. போய் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அந்த வீட்டில் எதையும் நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

பிறகு அவர் எழுந்து, வண்டிக்குள்ளிருந்து டிரிப் ஷீட் நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்தார்.

"இப்பச் சொன்னத எழுதிக் குடுங்க," என்றார். சிஸ்டர் என்று சொல்லவில்லை. "தமிழ்ல எழுதுங்க. நான் படிக்கணும்."

வண்டிப் பலகையில் வைத்து எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நான்' வந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். பிறகு என் நர்சிங் பதிவு எண்ணை எழுதினேன். அதை அவர் கேட்கவில்லை.